குளியலறைத் தளமும் குடியிருப்பின் வரலாறும்

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனைகளும் கோட்டைகளும் கோபுரங்களுமே. அண்ணாந்து பார்க்க வேண்டியவற்றை வியந்து போற்றப் பழகிய நாம், குனிந்து பார்க்க வேண்டியவற்றைப் பற்றிச் சிந்திப்பது அரிது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ளது; நாள்தோறும் நாம் மிதிப்பது; எனினும் அது கெட்டுப்போகும்வரை எவரும் அதனைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் குளியலறையின் தளம். பழுதுபட்ட குளியலறைத் தளத்தைச் செப்பனிடுவது மேசன் பாஸின் வேலையாயிற்றே, அதற்கும் வரலாற்றுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவக்கூடும். நெருங்கிய உறவே உண்டு. ஊவா மலைநாட்டில் யார் யார் எத்தகைய தளத்தின்மீது நின்று குளித்தார்கள் என்பதைச் சொன்னால், இங்கு மக்கள் வாழ்ந்த வாழ்வின் பெரும்பகுதியைச் சொன்னதாகிவிடும்.

பண்டாரவளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் மலைச்சரிவுகளின் நடுவே அமைந்துள்ளது. இங்கே சமநிலம் கிடைப்பது அருமை. ஆகவே வீடு கட்டுவோர் சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பக்கத்திலே கொட்டி நிரப்பி, இடத்தைச் சமப்படுத்திக்கொள்வர். இதனால் வீட்டின் ஒரு பாதி இயற்கையான மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கின்றது. குளியலறையும் சமையலறையும் நீர் வடிந்தோட வசதியாகப் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்திலேயே அமைகின்றன; அதாவது, நிரப்பிய மண்ணின்மேல் அமைகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாது பொழியும்போது அம்மண் நனைந்து தாழ்கின்றது. மண் தாழத் தளம் வெடிக்கின்றது. அவ்வெடிப்பின் வழியாகக் குளிக்கும் நீர் கீழே இறங்குகின்றது. இறங்கிய நீர் மண்ணை மேலும் தாழ்த்துகின்றது. ஒன்றுக்கொன்று துணைபோகும் கள்வர் இருவரைப்போல நீரும் மண்ணும் சேர்ந்து வீட்டின் அடியைக் கவர்ந்துவிடுகின்றன.

இந்நோயின் அறிகுறிகளை இல்லத்தரசியர் நன்கு அறிவர். தளத்து வில்லைகளின் இடைச்சந்து கறுக்கும். நாணயத்தால் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோலப் பொள்ளென்று ஒலிக்கும். அடுத்த அறைச் சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூக்கும், பூஞ்சணம் படரும், எவ்வளவு கழுவினும் நீங்காத ஒரு மக்கல் நாற்றம் எழும். இவற்றைக் கண்டதும் நம்மிற் பலர் வெடிப்பின்மேல் சீமெந்து பூசுகிறோம். அல்லது பழைய வில்லையின்மேல் புதிய வில்லையைப் பதித்துவிடுகிறோம். அறை அழகாகத் தோன்றுகின்றது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அதே இடத்தில் அதே வெடிப்பு மீண்டும் தலைகாட்டுகின்றது. காரணம் தளத்தின் அடியில் இருக்க, மருந்தை மேலே தடவியதன் பயன் அது.

தளம் என்பது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு மட்டுமன்று, அதன் கீழே அடுக்கடுக்காக அமைந்த படைகளின் தொகுதி என்பதை மிகப் பழைய காலத்து மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். சிந்துவெளியிலே மொகஞ்சதாரோ நகரில் 1920களில் அகழ்ந்து காணப்பட்ட பெருங்குளம் இதற்குத் தலைசிறந்த சான்று. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அக்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் ஆழமும் உடையது. அதனைக் கட்டியோர் செங்கற்களைக் குத்துவாட்டில் நெருக்கமாக நிறுத்தி, இடையிலே ஜிப்சச் சாந்தை இட்டு, பின்புறத்தில் நிலக்கீல் பூசி நீர் கசியாமல் தடுத்தனர். தளத்தை ஒரு மூலையை நோக்கிச் சாய்வாக அமைத்து, அம்மூலையில் நீர் வெளியேற வாய்க்கால் வைத்தனர். உறுதியான அடித்தளம், நீர் புகாத படை, வடிகாலை நோக்கிய சாய்வு என்னும் மூன்றும் அங்கே உள்ளன. இன்று பண்டாரவளையில் ஒரு நல்ல மேசன் பாஸ் குளியலறை கட்டும்போது கவனிப்பதும் இம்மூன்றையே.

நம் நாட்டிலும் இக்கலை வளர்ந்திருந்தது. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைக் குளங்களில், நீர் குளத்தை அடையுமுன் சிறு தொட்டிகளில் தங்கித் தெளிந்து வருமாறு அமைத்திருப்பதைக் காணலாம். அந்நகரின் மேற்குப்புறத் துறவிமடங்களில் சலம் கழிப்பதற்கென அமைந்த கற்பலகைகள் நுண்ணிய செதுக்கு வேலைப்பாடு உடையன. மண்ணுக்குள் மறைந்து போகும் கழிவுநீருக்கும் ஒழுங்கான வழி வேண்டும் என்று எண்ணிய நாகரிகத்தின் சின்னங்கள் அவை.

மேனாட்டிலே கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விற்றுருவியஸ் என்னும் உரோமக் கட்டடக்கலை அறிஞர் தளம் அமைக்கும் முறையைத் தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். முதலில் கைப்பிடி அளவான கற்களைப் பரப்ப வேண்டும். அதன்மேல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்க வேண்டும். அதற்கும்மேல் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த படையை இட வேண்டும். இறுதியிலேயே அழகிய மேற்றளத்தைப் பதிக்க வேண்டும் என்பது அவர் கூறும் முறை. பலகைத் தளத்தின்மேல் இவற்றை அமைக்கும்போது, சுண்ணாம்பு பலகையைக் கெடுக்காதிருக்க இடையிலே பெரணி இலையையோ வைக்கோலையோ பரப்புமாறும் அவர் அறிவுறுத்துகின்றார். நம் ஊவாச் சரிவுகளிலே கேட்பாரற்று வளர்ந்து கிடக்கும் பெரணிக்கு உரோமாபுரியில் இத்தகைய மதிப்பு இருந்தது. தமிழ்நாட்டுக் கொத்தரும் சுண்ணாம்போடு செங்கற்பொடியும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, வழவழப்பும் உறுதியும் உடைய தளங்களை அமைத்தனர். சுட்ட களிமண் தூளும் சுண்ணாம்பும் நீரோடு சேர்ந்தால் நனைந்தாலும் கரையாத ஒரு திண்மை உண்டாகும் என்பதை இரு நாட்டாரும் பட்டறிவினால் கண்டிருந்தனர்.

ஆயினும் தமிழ் மக்களின் சாதாரண வீட்டிலே குளியலறை என்பதொன்று பெரும்பாலும் இருந்ததில்லை. ஆறும் குளமும் கிணற்றடியுமே குளிக்கும் இடங்கள். வீட்டின் தளத்தைச் சாணமிட்டு மெழுகினர்; நீரை வீட்டுக்கு வெளியே வைத்தனர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. மண்சுவரும் மண்தளமும் உடைய வீட்டுக்குள் நீரைக் கொணர்ந்தால் வீடு நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வீட்டுக்குள்ளே அறை அமைத்து நீரைப் புழங்கும் வழக்கம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது என்பதற்கு நாம் பேசும் சொற்களே சாட்சி. மலைநாட்டுத் தமிழர் அறையைக் காம்பரா என்பர். அது போர்த்துக்கீசர் தந்த சொல். வீட்டின் முன் திண்ணையை இஸ்தோப்பு என்பர், அது ஒல்லாந்தருடையது. கக்கூசு என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. தளத்தைத் திருத்த வரும் மேசன் பாஸின் பெயரிலுள்ள பாஸ் என்பதும் தலைமைத் தொழிலாளியைக் குறித்த ஒல்லாந்தச் சொல்லாகும். ஒரு சிறிய வீட்டைச் சுற்றி வந்தாலே இலங்கையின் நான்கு நூற்றாண்டு வரலாற்றைக் கேட்டுவிடலாம்.

இனி ஊவாவுக்கு வருவோம். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1894இல் புகையிரதம் பண்டாரவளையை அடைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1924இல், அது பதுளைக்குச் சென்றது. குளிர்ந்த காற்றையும் அழகிய மலைகளையும் நாடி வந்த வெள்ளையர் இங்கே பங்களாக்கள் கட்டினர். பல பங்களாக்களில் தரைமட்டத்துக்குமேல் மரச்சட்டங்களை நிறுத்திப் பலகை பாவியிருந்தனர். குளிருக்குக் கால் இதமாக இருக்கும் என்பது அதன் பயன். படுக்கையறையை அடுத்துக் குளிக்கும் அறையும் அமைந்திருந்தது. ஏவலாளர் அடுப்பில் நீரைச் சுடவைத்துச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றுவர். குளித்த நீரையும் ஏனைய கழிவையும் அகற்றுவோர் வீட்டுக்குள் நடமாடக் கூடாது என்பதற்காகவே பல பங்களாக்களில் குளியலறைக்கு வெளிப்புறத்தே தனிவாயில் வைத்திருந்தனர். அவ்வாயில்களை இன்றும் சில பழைய வீடுகளிற் காணலாம்.

இத்தகைய பலகைத் தளம் கெடுவதற்கும் தனிமுறை ஒன்று உண்டு. பலகையின் அடியில் காற்றோட்டம் இருக்கும்வரை, சிறிது நீர் சிந்தினாலும் அது உலர்ந்துவிடும். பிற்காலத்தில் வாழ்வோர் பூச்சிபுழு வருகின்றது என்று அடித்தளத்துக் காற்றுத்துளைகளை அடைத்துவிடுவர். அல்லது வெளியே தோட்டத்து மண்ணை உயர்த்தித் துளைகளை மூடிவிடுவர். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி நிலைத்தால், மரத்தை அரிக்கும் காளான் முளைக்கத் தொடங்கும். மேலே பலகை பளபளக்க, கீழே சட்டம் ரொட்டித்துண்டுபோல உதிரும். ஒரு நாள் தொட்டியின் கால் உள்ளே இறங்கும்போதுதான் வீட்டார் உண்மையை அறிவர்.

பங்களாவிலிருந்து சற்றுத் தொலைவிலே, அதே மலையின் சரிவிலே, வேறொரு குடியிருப்பு இருந்தது. அதுவே லயம். நீண்டதொரு கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட காம்பராக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. அதற்குள்ளே ஒரு குடும்பம் சமைத்தது, உண்டது, உறங்கியது, பிள்ளை பெற்றது. பழைய லயங்களின் தளம் வெறும் மண். பெண்கள் வாரந்தோறும் சாணம் கரைத்து மெழுகி அதனைத் தூய்மையாக வைத்திருந்தனர். குளியலறை என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. மலையில் ஊறிவரும் நீரை மூங்கிலாலோ குழாயாலோ ஓரிடத்துக்குக் கொணர்ந்து விழச்செய்தனர். அதற்குப் பீலி என்று பெயர். பீலிக்கரையிலே கிடந்த தட்டைக்கல்தான் ஆயிரக்கணக்கான மக்களுக்குக் குளியலறைத் தளம். பொழுது புலருமுன் மலைக்கு ஏறவேண்டிய பெண்கள், உடுத்த சேலையோடு, மார்கழிக் குளிரிலே அக்கல்லின்மேல் நின்று அவசர அவசரமாகக் குளித்தனர். ஒதுங்கிக் குளிக்க ஓர் இடம் வேண்டும் என்று எண்ணியோர் பிற்காலத்தில் லயத்தின் பின்புறத்தே நான்கு கம்புகளை நட்டு, பழைய தகரத்தையும் சாக்கையும் கட்டி மறைப்பு அமைத்துக்கொண்டனர். மறைப்புக்கு அடியிலே தளம் இல்லை, வடிகாலும் இல்லை. குளித்த நீர் லயத்தின் பின்சுவரின் அடியிலேயே ஊறியது.

ஈரமண் வெறும் அசௌகரியம் மட்டுமன்று. அது நோய்க்கும் வித்து. மலக்கழிவு கலந்த ஈரமண்ணிலே கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகைபிடித்து வெளிறிய முகத்தோடு கொழுந்து பறித்தோர் அந்நாளிற் பலர். அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மக்களுக்கு மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றியபோதும், மலசலகூடமும் தூய நிலமும் இல்லாத இடங்களில் அவர்கள் மீண்டும் அந்நோய்க்கே ஆளாயினர். குடலைச் சுத்தம் செய்தோர் நிலத்தையும் சுத்தம் செய்தாலன்றி நோய் நீங்காது என்ற பாடத்தை அவ்வியக்கம் புகட்டியது. வெடிப்பின்மேல் பூசிய சீமெந்தின் கதையும் இதுவே அல்லவா?

சீமெந்து என்றேன். இன்று நாம் வழங்கும் போட்லண்ட் சீமெந்துக்கு 1824ஆம் ஆண்டு இங்கிலாந்திலே யோசப் அஸ்ப்டின் என்பார் காப்புரிமை பெற்றார். அது இறுகியபின் போட்லண்ட் என்னுமிடத்துக் கல்லை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது. கப்பலிலே வந்த சீமெந்து, பாலமும் பங்களாவும் தேயிலைத் தொழிற்சாலையும் கட்டுவதற்காகப் புகையிரதத்தில் மலை ஏறியது. தெமோதரைக்கு அருகே இன்று பலரும் கண்டு வியக்கும் ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக 1921இல் கட்டி முடிந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் சீமெந்தாகி நாடெங்கும் சென்றது. 1990இல் போரின் காரணமாக அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நகரத்து நடுத்தர வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தளம் பரவியது. அதனைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, மெழுகு பூசி, முகம் பார்க்கும்படி மினுக்குவது வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறைக் கடமையாக இருந்தது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் வில்லைகள் வந்தன. குழாய்நீரும் வீட்டுக்குள் வந்தது. கிணற்றடியிலும் பீலியடியிலும் இருந்த குளியல் முற்றாக வீட்டின் கூரைக்குள் புகுந்தது. முன்னோர் வீட்டுக்கு வெளியே நிறுத்திய நீரை நாம் உள்ளே அழைத்தோம். ஆனால் அந்நீரை வெளியேற்றும் கலையை அதே அளவு கற்றோமா என்பது ஐயமே.

அக்கலையைச் சிறிது கூறுவேன். பழுதுபட்ட தளத்தைத் திருத்த முற்படுவோர் முதலிற் காண வேண்டியது நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை. வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடியபின்னும் நீர்மானியின் முள் சுழலுமாயின் கசிவு குழாயில் உள்ளது. முள் அசையாதிருந்தால், வடிகாலை அடைத்துத் தளத்திலே இரண்டு அங்குல நீரை ஒரு நாள் தேக்கி வைத்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்தால் தளத்திலோ சுவரும் தளமும் கூடும் மூலையிலோ கசிவு உள்ளது. நோயின் இடம் தெரிந்தபின் கெட்ட பகுதியை முழுவதும் கிளப்ப வேண்டும். பலகைத் தளமாயின், உளுத்த மரத்தோடு அதனைச் சூழ்ந்து நலமாகத் தோன்றும் மரத்திலும் ஓரடி வெட்டிவிடுவது நலம். காற்றுத்துளைகளைத் திறந்துவிட வேண்டும். மண்ணின்மேல் அமைந்த தளமாயின், சேறான மண்ணை எடுத்துவிட்டு, சல்லியும் நல்ல மண்ணும் ஆறு ஆறு அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் திமிசால் இடித்து இறுக்க வேண்டும்.

அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி நான்கு பங்கு சேர்ந்த கொங்கிறீற்றை மூன்று நான்கு அங்குலக் கனத்தில் இடுவர். அதனை ஏழு நாளாவது ஈரச்சாக்கால் மூடி வைத்தல் வேண்டும். வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். பின்னர் நீர்காப்புப் பூச்சைத் தளத்திலும், சுவர்மீது ஓரடி உயரம்வரையும், நீர் விழும் பக்கத்தில் இன்னும் உயரமாகவும் பூச வேண்டும். மீண்டும் ஒரு நாள் நீரைத் தேக்கிச் சோதித்த பின்னரே வில்லை பதிக்க வேண்டும். குளியலறைத் தளம் அடுத்த அறைத் தளத்திலும் ஓர் அங்குலமாவது தாழ்ந்திருத்தல் நலம். பண்டாரவளையில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் ஆனி முதல் ஆவணி வரையுள்ள வறண்ட மாதங்கள். இவ்வேலையில் பெரும்பகுதி முடிந்ததும் வில்லைக்கு அடியில் மறைந்துவிடும். விருந்தினர் எவரும் அதைப் பாராட்டப் போவதில்லை. அதனாலேயே பலர் அதிற் சிக்கனம் பார்க்கின்றனர்.

ஒரு வீட்டின் அடியில் நிகழ்வது ஓர் ஊரின் அடியிலும் நிகழலாம் என்பதைப் பண்டாரவளை மக்கள் கண்கூடாகக் கண்டனர். உமா ஓயா நீரை டயரபாவிலிருந்து வெல்லவாயப் பக்கத்துக்குக் கொண்டுசெல்ல, 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கம் நம் மலையின் அடியிலே துளைக்கப்பட்டது. 2014 டிசெம்பரில், துளைக்கும் பொறி நீர் நிறைந்த பாறைப் பிளவுகளை அடைந்தபோது, நிலத்தடி நீர் சுரங்கத்தினுள் பெருக்கெடுத்துப் பாய்ந்தது. 2017இல் மீண்டும் அவ்வாறு நிகழ்ந்தது. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் ஓய்ந்தன, தலைமுறை தலைமுறையாக விழுந்துகொண்டிருந்த பீலிகள் நின்றன. நீர் நீங்கிய மண் தாழவே ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களும் தளங்களும் வெடித்தன. 2017 ஜூன் மாதத்தில் மக்கள் பண்டாரவளை வீதிகளில் திரண்டு தங்கள் குறையை நாடறியச் செய்தனர். பின்னர்ச் சுரங்கத்தின் கசிவுகளில் சீமெந்துக் குழம்பைச் செலுத்தி அடைத்தனர். 2024 ஏப்ரில் 24ஆம் நாள் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. 120 மெகாவாற்று மின்சாரமும் வறண்ட மொனராகலைப் பகுதிக்குப் பாசன நீரும் அதன் பயன்கள். அவை சிறியன அல்ல. ஆயினும் வெடித்த தளத்தை ஒரு முறை பூசி, மறுமழைக்கு மீண்டும் பூசிய குடும்பங்களுக்கு அது வேறொரு கணக்கு. நீர் பெருகியதால் தாழும் மண், நீர் வற்றினாலும் தாழும் என்பதை அவர்கள் தங்கள் செலவிலே கற்றனர்.

அதே 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பிறகேன் மக்கள் அங்கிருந்தனர் என்று கேட்பது எளிது. போவதற்கு அவர்களுக்கு வேறு காணி எங்கே இருந்தது?

இங்கேதான் நம் சிறிய பொருளின் பெரிய உட்பொருள் விளங்குகின்றது. குளியலறைத் தளத்தைக் கிளப்பிப் பார்ப்பதற்கு மண்வெட்டியும் உளியும் மட்டும் போதா; அத்தளம் தன்னுடையது என்னும் உரிமையும் வேண்டும். லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்க்கும் அது சொந்தமன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், காம்பராவில் வாழ்வோரின் நிலை மாறவில்லை. ஒரு சுவரை நீட்டவும் ஒரு தளத்தை உடைக்கவும் அவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. நாளை எவர் கையில் இருக்குமோ என்று அறியாத தளத்தின் அடியிலே எவர் தம் உழைப்பையும் பணத்தையும் புதைப்பார்? மேலே பூசிக்கொண்டு காலம் கடத்துவதே அவர்களுக்கு அறிவுடைமையாயிற்று. லயங்களின் பின்புறத்து ஈரத்தைக் கண்டு, அங்கு வாழ்வோர்க்குச் சுத்தம் தெரியாது என்று இகழ்வோர் இந்த வரலாற்றை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடியிலே பிறந்து வளர்ந்தவருக்கு அதன் பெருமை பிறருக்கு விளங்குவதிலும் நன்றாக விளங்கும். இந்திய அரசின் உதவியோடும் இலங்கை அரசின் திட்டங்களாலும் எழும் அவ்வீடுகளிலே மலசலகூடம் வீட்டோடு சேர்ந்தே அமைகின்றது. இவ்வீடுகள் வந்த இடங்களில், பாட்டி பீலிக்கரைக் கல்லிலும், தாய் தகர மறைப்பிலும் குளித்த குடும்பத்திலே, மகள் கதவைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுத் தளத்தில் நின்று குளிக்கின்றாள். எனினும் வீடு வேண்டிக் காத்திருப்போர் தொகை இன்னும் பெரிது. வீடு பெற்றோரிலும் காணி உறுதியைக் கையிற் பெறக் காத்திருப்போர் உளர்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பர். அச்சுவர் நிற்கவும் உறுதியான தளம் வேண்டும். பாடசாலையிலே பிள்ளைகளுக்கு நாம் மன்னர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் கற்பிக்கிறோம், அவை வேண்டியனவே. அவற்றோடு, தங்கள் வீட்டின் தளம் எதனால் ஆயது, அதன் கீழே என்ன இருக்கின்றது, குளித்த நீர் எவ்வழி சென்று எங்கே சேர்கின்றது, தம் தாத்தாவும் பாட்டியும் எங்கே நின்று குளித்தனர் என்பவற்றையும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருமாறு பணித்தல் நன்று. ஊவாவின் வரலாற்றில் ஏட்டில் ஏறாத பல பக்கங்கள் அவ்வாறு எழுதப்படும்.

இந்த ஆனி மாதத்திலே தளத்தைத் திருத்த எண்ணும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மேசன் பாஸ் வந்ததும் எந்த நிற வில்லை பதிக்கலாம் என்று கேட்பதற்கு முன், அடியில் என்ன பழுது என்று கேளுங்கள். அவர் முழுத் தளத்தையும் கிளப்பவேண்டும் என்று சொன்னால், செலவைக் கண்டு அஞ்சி அவரைத் தடுத்துவிடாதீர்கள்.